கிழக்குப் பக்கத்துக் குழாய்

4 ஜனவரி 1999, திங்கள்

அமோனியா அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். இனிமேல் வரைபடம் நகல் எடுக்க அந்த நாற்றத்தில் நின்று கண்ணைக் கசக்க வேண்டாமாம். எனக்கென்னவோ சந்தோஷமே வரவில்லை. முப்பத்தாறு வருஷம் அந்த நாற்றத்தோடுதான் அல்சூர் பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். பக்கத்து ஸீட்டுக்காரி மூக்கைப் பொத்தினால், "பாலம் போடற ஆபீஸ்மா, அப்படித்தான் இருக்கும்" என்பேன். இனி யார் பொத்தப் போகிறார்கள்?

கன்சல்டன்ட் கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணும் ஒரு பையனும் ஸ்கேன் மெஷினோடு வந்து இறங்கினார்கள். பெண் பெயர் சுப்ரியா. இன்ஜினீயர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எங்கள் பிரிவில் கிடக்கிற ரோடு, பாலம், வாய்க்கால் வரைபடம் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறார்களாம். தண்ணீர், கரண்ட், டெலிபோன், கார்ப்பரேஷன், நாங்கள் என்று ஐந்து ஆபீஸும் ஒரே படத்தைப் பார்க்கலாமாம். ஒருத்தர் தோண்டும்போது இன்னொருத்தர் கேபிளை அறுக்க வேண்டாம். நல்ல காரியம்தான். இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் தாயே?

ஜூலை 31-க்கு இன்னும் ஏழு மாசம்கூட இல்லை. அதற்கப்புறம் ரிட்டயர்ட் டிரேசர் சீதாலட்சுமி.

13 ஜனவரி, புதன்

போகி. தம்பி பத்ரியின் பெண்டாட்டி கோமளம் காலையிலேயே என் டிரங்குப் பெட்டியை ஹாலுக்கு இழுத்து வந்துவிட்டாள். "அக்கா, அடியில என்னமோ பழைய பேப்பர் இருக்கே, அதைப் போகியில போட்டுடட்டுமா?"

"அதைத் தொட்டே, நடக்கறதே வேற!" என்றேன்.

அவ்வளவு சத்தம் போட்டிருக்க வேண்டாம். பத்ரி முகத்தில் ஷேவிங் சோப்போடு எட்டிப் பார்த்தான். பாவம் கோமளம், பெட்டியைத் திருப்பி இழுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் அவளுக்குப் பூ வாங்கி வந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

பட்டுப்புடவைகளுக்கு அடியில் எட்டாக மடித்த ஒரே ஒரு ஷீட். சிவப்புப் பென்சிலில், அந்தக் காலத்து ஓவர்சியர் டென்சிலின் எழுத்து. இருபத்தைந்து வருஷமாக அங்கே இருக்கிறது. விரித்தால் மடிப்பில் கிழிந்துவிடும் என்று விரிப்பதில்லை. அதாவது, அப்படிச் சொல்லிக்கொள்கிறேன்.

2 பிப்ரவரி, செவ்வாய்



சுப்ரியா கூப்பிட்டாள். "மேடம், இங்க வந்து பாருங்க, உங்க வேலை எவ்ளோ அழகா இருக்கு!" கம்ப்யூட்டர் திரையில் மூன்று கண் பாலம். அல்சூருக்கும் பிரேசர் டவுனுக்கும் நடுவில், ராஜகால்வாய்க்கு மேலே இருக்கிற சின்னப் பாலம். 1974-ல் கட்டி முடித்த பிறகு போட்ட பூர்த்தி வரைபடம். என் எழுத்து. மூலையில் என் இனிஷியல். அந்த வயதில் கோடு எப்படிப் போட்டிருக்கிறேன்! கை ஒரு இடத்தில்கூட நடுங்கவில்லை.

"இந்தப் பாலத்தை அகலப்படுத்தப் போறாங்க மேடம். கிழக்குப் பக்கம் புதுசா தூண் வருது. மார்ச் எட்டாம் தேதி அஸ்திவாரம் தோண்டறாங்க. நல்லவேளை, தண்ணிக் குழாய் மேற்குல போகுது, இல்லேன்னா குழாயை மாத்தறதுக்கே ஒரு வருஷம் ஆகியிருக்கும்."

குழாய் மேற்கில் போகவில்லை.

அது எனக்குத் தெரியும். டென்சிலுக்குத் தெரியும். அப்போது இருந்த பெரிய இன்ஜினீயருக்குத் தெரியும், அவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. டென்சில் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் எங்கேயோ. மிச்சம் நான்.

3 பிப்ரவரி, புதன்

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

பாலம் கட்ட அனுமதி வாங்கியபோது, பிரேசர் டவுனுக்குப் போகிற இருபத்துநான்கு அங்குல இரும்புக் குழாயைக் கிழக்கிலிருந்து மேற்குக்கு மாற்றுவதாகத்தான் படம். மேற்கில் தோண்டினார்கள். ஆறடியில் கரும்பாறை. சுற்றி வீடுகள், வெடி வைக்க முடியாது. சைட்டில் ஓவர்சியர் டென்சில். குழாயைக் கிழக்கிலேயே விட்டு, மேலே கான்கிரீட் போர்த்தி, அதற்கு மேல் ரோடு போட்டார். பெரிய இன்ஜினீயர் வந்து பார்த்துச் சரி என்றார். நடந்ததையெல்லாம் டென்சில் அச்சிட்ட படத்தின் மேலேயே சிவப்புப் பென்சிலில் குறித்து, ஆழம் அளந்து எழுதி, என்னிடம் கொடுத்தார். அதைப் பார்த்து நான் பூர்த்தி வரைபடம் டிரேஸ் செய்ய வேண்டும்.

பெரிய இன்ஜினீயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாத்தினதைக் காட்டினா மறுபடியும் அனுமதிக்குப் போகணும்மா, ஆறு மாசம். திறப்பு விழாவுக்குப் பத்து நாள்தான் இருக்கு. அனுமதி கிடைச்ச மாதிரியே போட்டுடு. அப்புறம் திருத்திக்கலாம்."

அப்புறம்! எங்கள் ஆபீஸில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே கிடையாது.

போட்டேன். டென்சில் கேட்டார். "சீதா, ஷீட் போட்டாச்சா? பைப்பு கிழக்குலதானே காட்டினே?" ஆச்சு என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனுஷர் பெரிய இன்ஜினீயரிடம் சண்டைக்குப் போயிருப்பார். மறுநாளே பெல்லாரிக்கோ பீதருக்கோ தூக்கி அடித்திருப்பார்கள். அவர் போகக்கூடாது என்று எனக்கு இருந்தது. அதுதான் காரணம். பெரிய இன்ஜினீயர் சொன்னார் என்பதெல்லாம் பாதிக் காரணம்.

இரண்டு வருஷம் கழித்து அவர் எப்படியும் போய்விட்டார். பெல்லாரி இல்லை, ஆஸ்திரேலியா.

10 பிப்ரவரி, புதன்

ஆபீஸ் போனேன். வந்தேன். சொல்லவில்லை.

19 பிப்ரவரி, வெள்ளி

இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மதியம் தண்ணீர் ஆபீஸ் வால்வுக்காரர் பெருமாள்சாமி வந்தார். எங்கள் உதவிச் செயற்பொறியாளர் முனிராஜின் மேஜைக்கு முன்னால், கையில் ஆளுயர இரும்புக் கம்பியோடு நின்றார். வாட்ச்மேன் கம்பியை வெளியே வைக்கச் சொல்லியும் கேட்கவில்லையாம்.

"சார், இருவது வருசமா அந்த ரோட்டுல வால்வு தொறக்கறேன். கம்பிய நட்டு காத வெச்சா உள்ள ஓடற தண்ணி நல்லா கேக்கும். மேக்கால ஒண்ணுமே இல்ல சார். கெழக்காலதான் ஹோன்னு ஓடுது. அங்கதான் தோண்டப் போறீங்கோன்னு சொல்றாங்கோ."

முனிராஜ் கெட்டவர் இல்லை. ஆனால் சிரித்தார். "ஏனப்பா, கம்பி வெச்சு தண்ணி கேட்டியா, ரேடியோ கேட்டியா? உங்க ஆபீஸ் டிராயிங்லயே மேற்குன்னு இருக்கே."

"அது உங்க டிராயிங்க பாத்துப் போட்டது சார்."

"எங்க டிராயிங்ல சைன் இருக்கு. அதைப் போட்டவங்க இதோ உக்காந்திருக்காங்க. அவங்களையே கேளு."

பெருமாள்சாமி என் பக்கம் திரும்பினார். "யம்மா, நீங்க சொல்லுங்க. குழியில எறங்கறது எங்க ஆளுங்க. நீலசந்திராலேந்து பன்னெண்டு பேரு. இருவது அடி ஆழம்னு சொல்றாங்கோ. மேல குழா ஒடஞ்சா ஏறி வர்றதுக்கு நேரம் இருக்காதும்மா."

நான் பேனாவின் மூடியைத் திறந்தேன். மூடினேன். "பழைய ஃபைலைப் பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

அந்த மனுஷர் என்ன சொன்னார் தெரியுமா? "நீங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்." கம்பியைத் தூக்கிக்கொண்டு போனார்.

20 பிப்ரவரி, சனி

என்ன ஜென்மம் இது. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

25 பிப்ரவரி, வியாழன்

பத்ரியிடம் சொன்னேன். ஷீட் பற்றிச் சொன்னேன், வேறெதையும் சொல்லவில்லை. அவன் கணக்காக யோசிக்கிற ஆள். "அக்கா, இன்னும் அஞ்சு மாசம். நீங்களா போய்த் தலையைக் குடுக்காதேங்கோ. ஒரு மொட்டைக் கடுதாசி போட்டா போறாதா?"

கோமளம் அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "மொட்டைக் கடுதாசியை யாரு நம்புவா? கம்பியோட வந்தவனையே நம்பலையே."

இவளைப் போய்ப் போகி அன்றைக்குத் திட்டினேன்.

26 பிப்ரவரி, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

முனிராஜ் முதலில் "மேடம், தமாஷ் மாட்பேடி, விளையாடாதீங்க" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் கேட்டார்.

"சரியான படத்தை நான் இப்பவே டிரேஸ் பண்ணிக் குடுக்கறேன் சார். ஒரு நாள் போதும்."

"கோபம் பண்ணிக்காதீங்க மேடம். ஒரு தடவை தெரிஞ்சே தப்பா டிரேஸ் பண்ணினீங்க. இப்ப இன்னொண்ணு பண்ணிக் குடுத்தா, நான் எதை நம்பறது? மேல எதைக் காட்டறது? அந்தக் காலத்துப் பேப்பர் ஏதாவது இருக்கா?"

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் சரியான கேள்வி. என் கோட்டுக்கு இனி மதிப்பில்லை. நானே கெடுத்துக்கொண்டது.

"இருக்கு" என்றேன்.

"ஒரிஜினலா கொண்டு வாங்க. ரெக்கார்டுக்குப் போயிடும், திரும்பி வராது. உங்களுக்கு மெமோவும் வரும். நான் நிறுத்த முடியாது." கதவைத் திறக்கப் போனவர், "திங்கட்கிழமைவரைக்கும் யோசிங்க. நான் எதுவும் கேட்கலைன்னு வெச்சுக்கறேன்" என்றார்.

28 பிப்ரவரி, ஞாயிறு

கோமளமும் பத்ரியும் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். மதியம் கூடத்தில் பாயை விரித்து, அதன்மேல் ஷீட்டை விரித்தேன். கிழியவில்லை. அமோனியா நாற்றம் துளிகூட இல்லை. பாச்சை உருண்டை வாசனைதான். அவருடைய சிவப்பு அப்படியே இருக்கிறது. "பாறை. குழாய் மாற்றவில்லை. மேல்மட்டத்திலிருந்து ஐந்தடி மூன்று அங்குலத்தில் கான்கிரீட் போர்வை." எல்லாம் இங்கிலீஷில், முட்டை முட்டையான எழுத்து.

வலது ஓரத்தில் அந்த இன்னொரு வரி. "மிஸ் சீதா, டீ, அரைச் சர்க்கரை."

முதல் தடவை சைட்டுக்குப் போன நாள். பெண் டிரேசர் எவளும் சைட்டுக்குப் போனதில்லை, அளவு புரியவில்லை என்று நான்தான் அடம்பிடித்துப் போனேன். தூசி, வெயில், கலவை மெஷின் சத்தம். டீ வந்தது. ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தேன். டென்சில் பார்த்துவிட்டார். "என்ன மேன் இது, டீயா பாயசமா?" என்று டீக்காரனிடம் கத்திவிட்டு, என்னைக் கேட்டு, கையில் இருந்த ஷீட்டின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டார். குழாயின் ஆழத்தை எழுதின அதே பென்சில். அதற்கப்புறம் இரண்டு வருஷம், எந்தச் சைட்டுக்குப் போனாலும் எனக்கு அரைச் சர்க்கரை டீதான் வந்தது. நான் வாய் திறந்து கேட்டதே இல்லை.

ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படுவதற்கு முன்னால் கேட்டார். வருகிறாயா என்று. எங்கள் வீட்டில் நடக்காது என்றேன். அப்பாவைக் கேட்கக்கூட இல்லை, நானே சொல்லிவிட்டேன். பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது. ரிட்டயராகப் போகிற வயதில் எழுதுகிறேன், யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்.

இப்போது இந்த ஷீட் போய்விடும். போகட்டும், அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் இந்த வரியை முனிராஜ் படிப்பார், மேலே இருப்பவர்கள் படிப்பார்கள், கேன்டீன்வரை சிரிப்பார்கள். சிவப்புப் பென்சில் ரப்பருக்கு அழியாது, தீற்றிக்கொள்ளும். பிளேடால்தான் சுரண்ட வேண்டும். பிளேடை எடுத்தேன். மூலையை 'மிஸ்' மேல் வைத்தும்விட்டேன்.

சுரண்டின இடம் வெளிச்சத்தில் பிடித்தால் காட்டிக்கொடுத்துவிடும். மற்றவர்கள் சுரண்டியதை முப்பத்தாறு வருஷமாகக் கண்டுபிடித்துச் சொன்னவளே நான்தான். "இங்கே என்ன இருந்தது மேடம்? குழாயைப் பற்றியா?" என்று கேட்பார்கள். ஒரு இடத்தில் சுரண்டியிருந்தால் மிச்சம் எதையும் நம்ப மாட்டார்கள். பன்னிரண்டு பேர் குழியில் இறங்குவார்கள்.

பிளேடைக் கீழே வைத்தேன். அழுதேன். பிறகு நாலாக மடித்தேன்.

1 மார்ச், திங்கள்

கொடுத்தாயிற்று. முனிராஜ் முழுக்கப் படித்தார். ஓரத்தையும் படித்தார். ரசீது எழுதிக் கொடுத்தார். "பழைய ஷீட், ஒன்று."

5 மார்ச், வெள்ளி

சோதனைக் குழி. என்னையும் ஜீப்பில் அழைத்துப் போனார் முனிராஜ். மூன்று கண் பாலத்தடிக்குப் போய் எத்தனை வருஷம்! எதிரே ஆலமரம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

கடப்பாரையை நிறுத்தி, மண்வெட்டியால் மெல்ல மண்ணை அள்ளச் சொன்னார்கள். நாலடி. ஒன்றுமில்லை. ஐந்தடி. டென்சில் தப்பாக எழுதியிருந்தால்? அப்புறம் மண்வெட்டி டங்கென்றது. முனிராஜ் தானே இறங்கி டேப் பிடித்தார். ஐந்தடி மூன்று அங்குலம். ஒரு நூல் அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

யாரும் கைதட்டவில்லை. சுப்ரியா மட்டும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெருமாள்சாமி கம்பியைக் கான்கிரீட்மேல் ஊன்றிக் காதை வைத்தார். பிறகு கம்பியை என்னிடம் நீட்டினார். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து காதை வைத்தேன். கேட்டது. தூரத்தில் யாரோ விடாமல் பேசிக்கொண்டே இருக்கிற மாதிரி.

"பெருமாள்சாமி, அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும். தெரிஞ்சேதான் சொல்லலை. மன்னிச்சுக்கோங்க."

"உடுங்கம்மா. எங்க வூட்டுக்காரியே நான் சொன்னா நம்பமாட்டா. நீங்க ரெண்டு வாரத்துல ஒத்துக்கினீங்களே!"

12 மார்ச், வெள்ளி

மெமோ வந்தது. "தெரிந்தே தவறான பூர்த்தி வரைபடம் தயாரித்ததற்கு விளக்கம் தருக." இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். பெரிய இன்ஜினீயரின் பெயரை எழுதவில்லை. செத்தவரை இழுத்து என்ன ஆகப்போகிறது. கோடு போட்டது என் கை.

31 ஜூலை, சனி

மாலை, மைசூர்பாகு, ஒரு குத்துவிளக்கு. எழுத்துமூல எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அது என் சர்வீஸ் புத்தகத்தில் கடைசி வரி. பாராட்டுப் பேச்சில் முனிராஜ் அதைச் சொல்லவில்லை, நானே சொன்னேன். கொஞ்சம் சிரித்தார்கள், கொஞ்சம் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

டிரங்குப் பெட்டியில் புடவைக்கடியில் இன்னும் கை போகிறது. பழக்கம்.

8 பிப்ரவரி 2000, செவ்வாய்

சுப்ரியா வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் நீளமான அட்டைக் குழல். மூன்று கண் பாலத்தின் புது வரைபடம், கலர் பிரிண்ட். குழாயைத் தொடாமல் தள்ளித் தூண் போட்டு முடித்துவிட்டார்களாம். பன்னிரண்டு பேரும் பத்திரமாக வீட்டுக்குப் போனார்கள். எல்லோரும் இப்போது அடுத்த பாலத்துக்குப் போய்விட்டார்கள் என்றாள்.

கூடத்தில் பாயை விரித்துப் பார்த்தோம். குழாய் கிழக்கில், சிவப்பில். அமோனியா நகலில் எந்த நிறம் போட்டாலும் ஒரே அழுக்கு நிறமாகத்தான் வரும். டென்சிலின் சிவப்பு முதல் தடவையாகச் சிவப்பாகவே வந்திருக்கிறது. வலது பக்கத்தில் குறிப்புகள், வரிசையாக எண் போட்டு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். ஏழாவது, கான்கிரீட் போர்வையின் ஆழம். எட்டாவது, "கிழக்கில் நீரோட்டம் இருப்பதை முதலில் தெரிவித்தவர்: பெருமாள்சாமி, வால்வு ஊழியர்." அடடா என்றேன். அவருக்கும் ஒரு பிரதி கொடுத்தார்களாம், சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறாராம்.

ஒன்பதாவது.

"மிஸ் சீதா, டீ, அரைச் சர்க்கரை."

எனக்குக் காது வரைக்கும் சுட்டது. "அய்யோ, இது என்னம்மா சுப்ரியா?"

"மேடம், உங்க மெமோவுக்கு அப்புறம்தான் புது ரூல் வந்துது. சைட் ஷீட்ல என்ன இருக்கோ அத்தனையும் ஏத்தணும். எது வேணும் எது வேண்டாம்னு ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு யாரும் முடிவு பண்ணக்கூடாது." அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அஞ்சு ஆபீஸுக்கும் போயாச்சு. தண்ணி, கரண்ட், டெலிபோன், கார்ப்பரேஷன், நம்ம ஆபீஸ். பாலம் இருக்கிறவரைக்கும் இருக்கும். நீங்க எழுதிக் குடுத்தா எடுத்துடுவாங்க. ஃபாரம் கொண்டு வந்திருக்கேன்."

ஃபாரத்தை வாங்கி மேஜைமேல் வைத்தேன். சுப்ரியா போன பிறகு கோமளம் வந்து படத்தைப் பார்த்தாள், ஒன்பதாவதையும் படித்தாள், என்னைப் பார்த்தாள். "யாரு அக்கா எழுதினது?" என்று மெதுவாகக் கேட்டாள். சொன்னேன். முதல் தடவையாக ஒருத்தியிடம் சொன்னேன். அவள் உட்கார்ந்து கேட்டாள். பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை எங்கள் இரண்டு பேருக்கும்.

ஃபாரத்தின் பின்பக்கத்தில் கோமளம் மளிகை லிஸ்ட் எழுதிவிட்டாள். எழுதட்டும்.

டாக்டர் சர்க்கரையே கூடாது என்று சொல்லி மூன்று வருஷமாகிறது. இன்றைக்குச் சாயங்காலம் டீயில் அரை ஸ்பூன் போட்டுக்கொண்டேன்.